நம்ம ஊர்ல, இன்னைக்கு

ஆவரங்குளம் விலக்கில், ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரி பெயர் சொர்ணம். சுற்றுப்பட்ட ஊர்களில் அவளைக் குரு என்பார்கள். மரியாதைக்கு இல்லை, கேலிக்கு. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள் என்பதால் வந்த பெயர்.

ஒருநாள் தவசி அண்ணாச்சி கடைக்கு வந்தார்.

"ஏ குரு, குடும்பத்தோட வேளாங்கண்ணி போறோம்னு படத்தோட ஸ்டேட்டஸ் வச்சா என்ன தப்பு? உங்க கம்பெனி நோட்டீஸ்ல வைக்காதன்னு போட்டிருக்கே."

சொர்ணம் எழுந்து வெளியே போனாள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்து ஐஸ் விற்கிறவள் மாதிரி கத்தினாள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க! தவசி அண்ணாச்சி வீடு நாளையிலேருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் பூட்டிக் கிடக்கும்!"

"ஏ பிள்ளை, வாயை மூடு!" அண்ணாச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நீங்க வைக்கணும்னு சொன்னதைத்தான் வச்சேன்."

அப்படிப்பட்ட குருவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவள் ரோஸ்லின். குருவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். அதனால் அந்தக் கடையில் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ஊர் அதற்கும் சிரித்தது.

ரோஸ்லின் பாளையங்கோட்டையில் பிறந்து, கான்வென்ட்டில் படித்து, மருதன்விளைக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணவன் மஸ்கட்டில் இருந்தான். வீட்டில் அவளும் நாலு வயசு மகள் இவாவும்தான். பகலில் கதவைத் தாழ் போட்டுத்தான் சமைப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் ஓட்டியவள், லைசென்ஸும் இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு வண்டியைத் தொடவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைக்கு யார் என்ற நினைப்பு விடவில்லை.

வீடு வீடாகப் போய், போன் வைத்திருப்பவர்களுக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள், பிள்ளைகள் படத்தைப் பள்ளிக்கூடத்துப் பெயரோடு போடாதீர்கள், சரிபார்க்காமல் எதையும் பார்வேர்ட் செய்யாதீர்கள். கம்பெனி அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸை ரோஸ்லின் ஒரே சாயங்காலத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனாலும் சொர்ணம் அவளைத் தனியாக அனுப்பவில்லை.

"இன்னும் என்ன படிக்கணும் சொர்ணம்?"

"நோட்டீஸ் இப்ப உங்க வாயில இருக்கு. கொஞ்சம் கீழ இறங்கட்டும்."

ரோஸ்லின் விடாமல் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. "சரிபார்க்கணும், சரிபார்க்கணும்னு சொல்றோம். ஒரு செய்தி பொய்யா நெசமான்னு எப்படித்தான் சரிபார்க்கிறது?"

"வரட்டும், சொல்லுதேன்," என்பாள் சொர்ணம், ஒவ்வொரு தடவையும்.

அது வந்தது.

காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ரோஸ்லின் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பில் இவா. பிள்ளை கையில் பால்வாடித் தட்டு இருந்தது, பாதி சாப்பிட்ட சத்துமாவு உருண்டையோடு. பாதியில் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இதப் பாருங்க," என்று போனை நீட்டினாள்.

சொர்ணம் வாசித்தாள்.

"அவசரம். நம்ம ஊர்ல இன்னைக்கு பிள்ளை பிடிக்கிற கும்பல் நாலு பேர் வந்திருக்காங்க. பால்வாடி சுவர் பக்கம் நிக்கிறாங்க. மூட்டைக்கு வெளியே பிள்ளைகளோட முடி தொங்குது. பிள்ளைய வெளிய விடாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க." கூடவே ஒரு படம். முகம் தெரியாத ஒரு ஆள், தோளில் சாக்கு மூட்டை.

"நெசமா இருக்குமா?" என்றாள் சொர்ணம்.

"நெசம்தான்! நானே பார்த்தேனே!"

"இன்னைக்கா?"

"இன்னைக்கு இல்ல. போன மாசம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். பால்வாடி சுவர் பக்கம் ஒருத்தன் நின்னான். தோள்ல மூட்டை. மூட்டை வாய் வழியா கொத்தா முடி தொங்குச்சு சொர்ணம், மனுஷ முடி. இவாவையே பார்த்துக்கிட்டு நின்னான். நான் போனதும் நகர்ந்துட்டான். இப்ப பாருங்க, ஊரே சொல்லுது. நான் பயந்தது சரியாப் போச்சு."

"அன்னைக்கு யாருகிட்டயாவது சொன்னியளா?"

"பக்கத்து வீட்டு விமலாகிட்ட மட்டும். வேற யார்கிட்டயும் இல்ல."

சொர்ணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தாள்.

"எங்க?"

"எப்படிச் சரிபார்க்கிறதுன்னு கேட்டிய இல்லா? இது உங்களுக்கு யாரு அனுப்புனா?"

"விமலா."

"அப்ப விமலா வீட்டுக்கு. அவளுக்கு அனுப்புனவங்க வீட்டுக்கு. இப்படியே போவோம். எங்க வழி முடியுதோ அங்க நிப்போம்."

"போன்லயே கேட்டா என்ன?"

"போன்ல வந்ததைப் போன்லயே தேடுனா அதுக்குள்ளதான் சுத்திக்கிட்டுக் கிடக்கணும். ஏறுங்க."

இவாவை நடுவில் வைத்து, ரோஸ்லின் பின்னால் உட்கார்ந்தாள். ரோட்டோரம் சைக்கிளில் போன ஒவ்வொருத்தரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மருதன்விளையில் விமலா முற்றத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"எனக்கு பால் சொசைட்டி குரூப்ல வந்துச்சு. கள்ளிக்குளம் சந்தானம் அண்ணாச்சி போட்டாவ. பெரிய மனுஷன் சொன்னா சும்மாவா சொல்லுவாவ?"

"அவரு பார்த்தாராமா?" என்றாள் சொர்ணம்.

"அதை நான் கேக்கல. பிள்ளைகளைப் பிடிக்காம்னு எழுதியிருக்கு. உக்காந்து விசாரிச்சுக்கிட்டு இருக்கவா சொல்லுத?"

"நம்ம ஊருன்னு போட்டிருக்கே, எந்த ஊரு?"

"நம்ம ஊருதான். வேற எந்த ஊரு?" விமலா கையை விரித்து மருதன்விளையைக் காட்டினாள்.

ரோஸ்லின் இவாவை விமலாவிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினாள். மறுபடி கொடுத்தாள்.

"கதவைத் திறக்காத விமலா. நான் வந்து கூப்பிட்டாத்தான் திறக்கணும்."

"நீ வந்து கூப்பிட்டாலும் குரலைக் கேட்டுட்டுத்தான் திறப்பேன், போதுமா? போ."

கள்ளிக்குளத்துக்கு முன்னாலேயே, மெயின் ரோட்டில் பால் சொசைட்டி. சந்தானம் அண்ணாச்சி கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். செய்தியைக் காட்டியதும் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆமா, நான்தான் போட்டேன். நூத்துக்கணக்கான பேரு குரூப்ல இருக்காவ. போட்டதும் போன் மேல போன். நல்லது செஞ்சிய அண்ணாச்சின்னு."

"நீங்க பார்த்தியளா?"

"எங்க வேலைக்காரி இசக்கி அனுப்புனா. படிச்ச பிள்ளை, பொய் சொல்ல மாட்டா."

"படம்?"

சந்தானம் தலையைச் சொறிந்தார். "படம் வேற எங்கயோ கிடந்தது. வெறும் எழுத்தா இருந்தா ஆளுக படிக்க மாட்டாவல்லா? அதான் ஒரு படத்தைச் சேத்தேன். நல்லதுக்குத்தான் தாயி."

"இவரு யாரு, எந்த ஊரு?"

"யாருக்குத் தெரியும்? மூட்டை வச்சிருந்தான், பொருத்தமா இருந்துச்சு."

ரோஸ்லினுக்கு ஆத்திரம் வந்தது. "யார்னே தெரியாத ஒருத்தர் படத்தை எப்படி அண்ணாச்சி போடலாம்? நோட்டீஸ் குடுத்தோமே, சரிபார்க்காம அனுப்பாதீங்கன்னு நாலாவது வரியிலேயே இருக்கே!"

"உங்க நோட்டீஸ்ல பிள்ளை பிடிக்கிறவன் வந்தா என்ன செய்யணும்னு போடலியே!"

அதற்குள் சந்தானத்தின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் முகம் மாறியது. "என்னது? மாட்டிக்கிட்டானா? எங்க? விடாதிய." போனைப் பொத்திக்கொண்டு அவர்களிடம் சொன்னார். "கள்ளிக்குளத்துல ஒருத்தனைப் பிடிச்சிட்டாவளாம். மூட்டையோட. முடி இருக்காம். பாத்தியளா? நான் போட்டது சரியாப் போச்சு!"

ரோஸ்லினுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பிடித்துவிட்டார்கள். இவா இனி வெளியே விளையாடலாம். கையெடுத்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

சொர்ணம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினாள். ஊரைச் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள், ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், அடித்தே போட்டுவிடுவார்கள், சீக்கிரம் வாங்க என்றாள். ஜீப் வர நேரமாகும் என்று அந்தப் பக்கம் சொன்னது ரோஸ்லினுக்கும் கேட்டது.

"வேகமாப் போவேன். பிடிச்சுக்கிடுங்க," என்றாள் சொர்ணம்.

கள்ளிக்குளத்தில் ரேஷன் கடை வாசலில் கூட்டம். ஆண்கள் உள்வட்டம், பெண்கள் வெளிவட்டம். நடுவில், மூடிய ரேஷன் கடையின் கம்பிக் கதவில் ஒரு ஆளைத் துண்டால் கட்டியிருந்தார்கள். சட்டை கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம். அவன் முன்னால் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். கொத்துக் கொத்தாக முடி. நடுவே பிளாஸ்டிக் கிளிப்பு, ரிப்பன், சின்ன எவர்சில்வர் டப்பாக்கள்.

"கிளிப்பைக் காட்டிப் பிள்ளையைக் கூப்பிடுதது. டப்பால மருந்து. முடியை என்னத்துக்கு வெட்டுதான்னுதான் தெரியல," என்று ஒருத்தி இன்னொருத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

ரோஸ்லின் அந்த முகத்தைப் பார்த்தாள். அதே ஆள். பால்வாடி சுவர் பக்கம் நின்ற அதே ஆள். அவன்தான் என்று கத்த வாயெடுத்தாள்.

"மத்த மூணு பேரு எங்கல?" லாரி டிரைவர் சுப்பையா அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். சுப்பையாவின் இன்னொரு கையில் ஒரு வேலிக்கம்பு இருந்தது. "எங்க வச்சிருக்கிய பிள்ளைகளை? சொல்லுல!"

"ஐயா, முடி வாங்குறவன்யா. பொம்பளைங்க சீவிப் போடுற முடியை வாங்கிட்டு டப்பா குடுப்பேன். பேரு மாரப்பன். திண்டுக்கல்லுக்குப் பக்கம்யா."

"வாய் பாரு! நம்ம ஊரு பேச்சா இது?"

சொர்ணம் கூட்டத்துக்குள் புகுந்தாள். "கம்பைத் தாழ்த்துங்கண்ணே. அடிக்கதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்த ஊர்ல பிள்ளை காணாமப் போன வீடு எது?"

ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பக்கத்து ஊர்ல போயிருக்கும்," என்றான் சுப்பையா. "போனுல வந்துச்சுல்லா. நம்ம ஊர்லன்னு போட்டுருக்கே!"

"நான் இப்ப மருதன்விளையிலேருந்து வாரேன். அங்க இருக்கவங்களும் நம்ம ஊர்லன்னுதான் சொல்லுதாவ. இதைக் கள்ளிக்குளத்துல முதல்ல சொன்னது யாரு?"

"இசக்கிதான்," என்றார்கள். வெளிவட்டத்தில் நின்ற இசக்கியைப் பெண்கள் முன்னால் தள்ளிவிட்டார்கள். கைப்பிள்ளைக்காரி. குழந்தையை மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சந்தானத்தின் வீட்டில் வேலை பார்க்கிறவள் அவள்தான்.

"நானா ஒண்ணும் எழுதல. கேக்காமக் கிடந்த வாய்ஸை இன்னைக்கு விடியக்காலதான் கேட்டேன், அதைத்தான் எழுதினேன். அண்ணாச்சி வாய்ஸ்னா கேக்க மாட்டாவ, அதனால எழுதி அனுப்புனேன். சத்தியமா வாய்ஸ் இருக்கு."

"நாலு பேருன்னு வாய்ஸ்ல இருந்துச்சா?"

இசக்கி குழந்தையின் தலையைத் தடவினாள். "ஒருத்தன்னுதான் இருந்துச்சு. ஒருத்தன் தனியாவா வருவான்?"

"உனக்கு யாரு அனுப்புனா?"

"எங்க அண்ணன் பொண்டாட்டி. மருதன்விளை விமலா மைனி."

ரோஸ்லின் இசக்கியின் போனையே பார்த்தாள்.

"சத்தமாப் போடு," என்றாள் சொர்ணம்.

இசக்கி போனை உயர்த்திப் பிடித்தாள். கரகரவென்று ஒரு மூச்சு கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"கேளேன். நம்ம ஊர்ல, இன்னைக்கு, இப்பத்தான், பால்வாடி சுவர் பக்கம் ஒரு ஆளு நின்னான். தோள்ல மூட்டை. மூட்டைக்கு வெளிய முடி தொங்குது. பிள்ளைங்களையே பார்த்துக்கிட்டு இருந்தான். எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது. எல்லார்கிட்டயும் சொல்லு, பிள்ளைய வெளிய விடாதீங்கன்னு. ஐயோ, மாதாவே."

குரல் நின்றது. அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எல்லார் முகத்திலும் ஏறியிருந்தது. ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

ரோஸ்லினும் பயந்தாள். தன் குரலைக் கேட்டே பயந்தாள்.

"கேட்டியளா?" என்றான் சுப்பையா. "பெத்தவ ஒருத்தி எப்படிப் பதறுதா! பொய்யா இது?"

"பொய்யுன்னு நான் சொல்லலியே," என்றாள் சொர்ணம். "இது யாரு?"

யாருக்கும் தெரியவில்லை.

"எந்த ஊருக்காரி?"

தெரியவில்லை.

"என்னைக்குப் பேசுனது?"

"இன்னைக்குன்னு அவளே சொல்லுதாளே!"

சொர்ணம் ரோஸ்லின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, கீழே கிடந்த ஒரு எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்துப் பொருத்திக்கொண்டிருந்தாள், அதைவிட முக்கியமான வேலை இல்லை என்பது போல.

அந்த நிமிஷத்தில் ரோஸ்லினுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குரலுக்குப் பெயர் இல்லை. அன்றைக்குப் பெயர் சொல்லாததற்குக் காரணம்கூட ஞாபகம் வந்தது. பெயர் வெளியே போனால் இவா யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். இப்போதும் யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஜீப் வந்துவிடும். வராமலும் போகலாம்.

சுப்பையா கம்பை மறுபடி ஓங்கினான்.

"நான்," என்றாள் ரோஸ்லின்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

"அது நான். என் பேரு ரோஸ்லின். மருதன்விளை. அது என் குரல்."

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"இன்னைக்கு இல்ல. போன மாசம், ஒரு சனிக்கிழமை. இந்த ஊரும் இல்ல, எங்க ஊரு. இவரு சுவர் பக்கம் நின்னாரு. நின்னாரு, அவ்வளவுதான். எந்தப் பிள்ளையையும் தொடல. கூப்பிடவும் இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. பயத்துல பேசுனேன்."

"அப்ப பிள்ளை காணாமப் போகலியா?"

"போகல."

"நாலு பேரு?"

"இல்ல. இவர் ஒருத்தர்தான். அதுவும் நின்னதோட சரி."

"அப்ப நாங்க மடையனுகளா?" சுப்பையாவின் முகம் கறுத்தது. கம்பு இப்போது அவள் பக்கம் நீண்டது. "காலையிலேருந்து வண்டி எடுக்காம நிக்கேன், ரெண்டு பிள்ளையையும் வீட்டுக்குள்ள பூட்டிப் போட்டுட்டு! உனக்குப் பொழுது போகலன்னா ஊரைக் கிளப்பி விடுவியா? படிச்சவதான நீ?"

அவன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது அவன் கண்ணில் இருந்தது ரோஸ்லினுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. நிலைக்கண்ணாடியில் தினமும் பார்க்கிற பயம்தான்.

சொர்ணம் தரையில் கிடந்த முடியில் ஒரு கொத்தை எடுத்தாள். வெயிலில் பிடித்தாள். பாதிக்கு மேல் நரை.

"அண்ணே, இது எந்தப் பிள்ளை தலையில உள்ளது?"

வெளிவட்டத்தில் யாரோ பொசுக்கென்று சிரித்துவிட்டார்கள். "ஏ, இது சீப்புல சிக்குன முடில்லா! சுருட்டி ஓட்டுல சொருகி வைப்போமே, அது!"

"இதை அப்பவே சொல்ல வேண்டியதுதான மூதி?"

"நீ எங்க பாக்க விட்ட? மறிச்சுக்கிட்டு நின்னிய எல்லாரும்!"

சிரிப்பு ஒரு பக்கமும் திட்டு ஒரு பக்கமுமாகக் கூட்டம் கலைய ஆரம்பித்தது. யாரோ துண்டை அவிழ்த்தார்கள். சுப்பையா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். ஜீப் வந்தபோது வாசலில் முடியைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிற மாரப்பனும், கூடப் பொறுக்குகிற இரண்டு பெண்களும்தான் இருந்தார்கள்.

ரோஸ்லின் இசக்கி வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கி வந்து மாரப்பனிடம் நீட்டினாள். அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிச்சத்தைக் குடித்தான்.

"அன்னைக்கு எங்க ஊர் பால்வாடி சுவர் பக்கம் ஏங்க நின்னீங்க?"

அவன் யோசித்தான். ஊர்கள் அவனுக்கு ஒன்றோடு ஒன்று கலந்திருக்க வேண்டும். பிறகு ஞாபகம் வந்தது போலத் தலையாட்டினான்.

"தண்ணி கேக்கலாம்னு நின்னேம்மா. உள்ளாற பிள்ளைங்க மட்டுந்தான் இருந்துச்சுங்க. பெரியவங்க யாராச்சும் வந்தாக் கேக்கலாம்னு பார்த்துக்கிட்டு நின்னேன். நீங்க வந்தீங்க. வந்த வேகத்தைப் பார்த்ததும் கேக்கப் பயமாப் போச்சு."

செம்பைக் கீழே வைத்தான்.

"நாளைக்குப் பூச்சிவிளை போகணும். அதுக்கடுத்து தேரிமேடு. இனி எங்கிட்டுப் போறதுன்னு தெரியலம்மா," என்றான்.

வந்த வழியே திரும்பினார்கள். மருதன்விளையில் விமலா குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தாள். "உங்க அம்மைதான்," என்று இவாவை வெளியே விட்டாள்.

அன்றைக்கு மத்தியானமே ரோஸ்லின் ஒரு வாய்ஸ் பேசினாள். பேசி அழித்து, பேசி அழித்து, கடைசியில் ஒன்று நின்றது. "என் பேரு ரோஸ்லின். மருதன்விளை. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. போன மாசம் நான் பேசுன ஒரு வாய்ஸ் உங்களுக்கு எழுத்தா வந்திருக்கும்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். மாரப்பன் பெயரைச் சொன்னாள். முடி எதற்கு என்று சொன்னாள். விமலாவுக்கு அனுப்பினாள், இசக்கிக்கு அனுப்பினாள், சந்தானம் பால் சொசைட்டி குரூப்பில் போட்டார். மாரப்பன் வியாபாரத்துக்குப் போகாத ஊர்க்காரர்கள்கூடக் குரூப்பில் கட்டைவிரல் தூக்கிக் காட்டினார்கள்.

மறுநாள் காலை கடைக்கு வந்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"சொர்ணம், இதப் பாருங்க. பாளையங்கோட்டையிலேருந்து என் தங்கச்சி எனக்கே அனுப்பியிருக்கா. பழைய செய்திதான். நாலு பேரு இப்ப ஏழு பேரு ஆயிருக்கு. ஜாக்கிரதையா இரு அக்கான்னு சொல்லியிருக்கா."

சொர்ணம் வாங்கிப் பார்த்தாள்.

"நான் பேசுனது மூணு இடத்தைத் தாண்டல. விமலாகிட்ட ஏன் யாருக்கும் அனுப்பலன்னு கேட்டேன். அதான் ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சு போச்சே, இதை எதுக்கு அனுப்பன்னு கேக்குறா. அது அவ்வளவு தூரம் போச்சு. இது ஏன் நகர மாட்டேங்குது?"

சொர்ணம் ரோஸ்லினின் வாய்ஸை முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள்.

"இதுல உங்க பேரு இருக்கு. ஊரு இருக்கு. கெழமை இருக்கு. இத்தனையையும் சொமந்துக்கிட்டு எப்படி ஓடும்?"

"அப்ப அங்கெல்லாம் எப்பப் போய்ச் சேரும்? அந்த ஆளு இன்னைக்குப் பூச்சிவிளைக்குப் போறேன்னாரே. அங்க ஒரு சுப்பையா இருந்தா?"

சொர்ணம் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். கடைக் கதவைப் பாதி இழுத்துச் சாத்தினாள். ரோஸ்லின் வழக்கம்போல வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள்.

சாவி அவள் கைக்கு வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு சொர்ணம்."

"இருக்கட்டும்," என்று சொர்ணம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "பூச்சிவிளைக்கு வலது பக்கம் திரும்பணும்க்கா."